தீயணைப்புக்குச் சந்தாவா, வரியா? எரியும் வீட்டின் முன்னால் உடையும் கணக்கு

2010 செப்டம்பர் 29. அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஒபயன் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). ஊருக்கு வெளியே இருந்த ஒரு வீட்டில் குப்பை எரித்த பீப்பாயிலிருந்து தீ பரவி வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பக்கத்து நகரமான சௌத் ஃபுல்டனின் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டார். வர முடியாது என்று பதில் வந்தது. நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டினால்தான் வண்டி வரும். அந்த வீட்டுக்கு அந்த ஆண்டு சந்தா கட்டப்படவில்லை. எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பதில் மாறவில்லை.

அப்புறம் தீ பக்கத்து வயலுக்குத் தாவியது. அந்த வயல்காரர் சந்தா கட்டியவர். உடனே வண்டி வந்தது. வீரர்கள் இறங்கி, வயலின் எல்லையோரமாகத் தண்ணீர் அடித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர், குழாய், பயிற்சி பெற்ற ஆட்கள், எல்லாம் பக்கத்திலேயே இருந்தும் வீடு தரைமட்டமானது. அந்தக் குடும்பம் வளர்த்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் அதில் செத்துப்போயின. 2011 டிசம்பரில் அதே பகுதியில், அதே காரணத்துக்காக, இன்னொரு குடும்பத்தின் வீடும் எரிந்தது.

இந்தச் செய்தி திரும்பத் திரும்பப் பகிரப்படும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, "இவ்வளவு இரக்கமில்லாமல் நடந்துகொள்ளலாமா?" மற்றது, "கட்டாதவனுக்கும் அணைத்தால் கட்டியவன் ஏமாளியா?" இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இது குழப்புகிறது. இந்தக் குழப்பம் தீர வேண்டுமென்றால், தீயணைப்பில் காசு எதற்காகச் செலவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம்

"அரசா, தனியாரா" என்று ஒரே கேள்வியாகப் பேசும்போது மூன்று வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன.

1. காசு கொடுப்பது யார்? எல்லோரும் வரியாகவா, விரும்பியவர்கள் மட்டும் சந்தாவாகவா, தீப்பிடித்தவர் மட்டும் கட்டணமாகவா?
2. வேலையைச் செய்வது யார்? அரசு ஊழியர்களா, தன்னார்வலர்களா, ஒப்பந்த நிறுவனமா?
3. காசு எப்போது கொடுக்கப்படுகிறது? தீக்கு முன்பா, பின்பா?

இவை ஒன்றையொன்று தீர்மானிப்பதில்லை. டென்மார்க்கில் 1906-இல் தொடங்கப்பட்ட ஃபால்க் என்ற தனியார் நிறுவனம் பல நகராட்சிகளுக்குத் தீயணைப்பு வேலை செய்து கொடுத்திருக்கிறது. ஆனால் காசு கொடுத்தது நகராட்சி, அதாவது வரிப்பணம். எந்த வீடு எரிந்தாலும் வண்டி போகும். ஜெர்மனியில் தீயணைப்பு வீரர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆனால் தீயணைப்புப் படை வைத்திருப்பது நகராட்சியின் சட்டக் கடமை, வண்டியும் கருவியும் பொதுப்பணத்தில் வருபவை.

சௌத் ஃபுல்டனில் நடந்தது இதற்குத் தலைகீழ். அங்கே தனியார் நிறுவனம் எதுவும் இல்லை. மறுத்தது ஒரு நகராட்சியின் தீயணைப்புத் துறை. ஆகவே, அந்தச் சம்பவத்தைத் தனியார்மயத்தின் கொடுமை என்று சொல்வது தவறு. பிரச்சினை முதல் கேள்வியில்தான் இருந்தது: காசு கொடுப்பது யார்? இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

வண்டி நிற்பதற்குத்தான் செலவு, ஓடுவதற்கு அல்ல

ஒரு வீட்டுத் தீயை அணைக்க எவ்வளவு செலவாகும்? டீசல், தண்ணீர், கொஞ்சம் தேய்மானம். பெரிய தொகை இல்லை. பெரிய தொகை எதற்கு என்றால், எப்போது வரும் என்று தெரியாத அழைப்புக்காக ஆட்களையும் வண்டியையும் இரவு பகலாகத் தயாராக வைத்திருப்பதற்கு.

ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 42 மணி நேரம் வேலை செய்தால், ஒரு இருக்கையை எப்போதும் நிரப்பி வைக்க நான்கு பேர் வேண்டும். நான்கு இருக்கைக்குப் பதினாறு பேர். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த மாதத்தில் ஒரு தீகூடப் பிடிக்காவிட்டாலும் பதினாறு பேருக்கும் சம்பளம் உண்டு. பத்துத் தீ பிடித்தாலும் அதே சம்பளம்தான்.

சரி, நான்கு பேரைக் குறைத்து, நிலையத்தைத் தூரத்தில் வைத்தால் என்ன? இங்கேதான் தீயின் வேகம் குறுக்கே வருகிறது. ஓர் அறையில் தீ வளரும்போது சூடான புகை கூரையடியில் தேங்குகிறது. அந்தப் புகையடுக்கு ஏறக்குறைய 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அறையில் உள்ள நாற்காலி, திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாம் ஒரேயடியாகப் பற்றிக்கொள்கின்றன. தீயணைப்புத் துறையில் இதை ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. தீயும் அடுத்த அறைக்குப் போய்விடும். பழைய மரச்சாமான், பருத்தி மெத்தை உள்ள அறையில் இந்த நிலை வர அரை மணி நேரம்கூட ஆகலாம். இன்றைய ஃபோம் சோபா, செயற்கை இழைத் துணிகள் நிறைந்த அறையில் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் முழுநேரத் தீயணைப்புத் துறைகளுக்கான தரவிதி, மணி அடித்ததும் கிளம்ப 80 விநாடி, முதல் வண்டி போய்ச் சேர 240 விநாடி என்று வைத்திருப்பது இதனால்தான். நான்கு நிமிடப் பயணத் தூரத்துக்குள் நிலையம் இருந்தாக வேண்டும். ஊர் முழுக்க இப்படி நிலையங்கள் இருந்தால்தான் "தீயணைப்புச் சேவை" என்ற ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியும்.

ஆக, மக்கள் காசு கொடுத்து வாங்குவது தீயை அணைப்பதை அல்ல. தயார்நிலையை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், மீதி வாதங்கள் தானாகவே வரிசையில் வந்துவிடும்.

தீ என் வீட்டோடு நிற்குமா?

பொருளியலில் ஒரு பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்பார்கள். காசு கொடுக்காதவரை அதிலிருந்து விலக்கி வைக்க முடியுமா? ஒருவர் பயன்படுத்தினால் இன்னொருவருக்குக் குறையுமா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் அது பொதுப் பண்டம். கலங்கரை விளக்கின் ஒளி இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம்.

தீயணைப்பு சுத்தமான பொதுப் பண்டம் இல்லை. டென்னசியில் செய்ததுபோல் ஒருவரை விலக்கி வைக்க முடியும். ஒரே வண்டி ஒரே நேரத்தில் இரண்டு தீக்குப் போகவும் முடியாது. ஆனால் விலக்கி வைக்க முடிந்தது எப்படி? வீடுகள் தள்ளித் தள்ளி இருந்ததால்தான். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மூன்றாவது மாடியில் கட்டாதவர் வீட்டில் தீ. நான்காவது மாடியில் கட்டியவர். கட்டியவரைக் காப்பாற்ற ஒரே வழி கட்டாதவரின் தீயை அணைப்பதுதான். அப்படி அணைத்துவிட்டால், கட்டாதவருக்கும் சேவை கிடைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அவர் ஏன் கட்டப்போகிறார்?

மற்றவர் கட்டிய காசில் நமக்கும் பயன் கிடைக்கும் என்று ஒதுங்கிக்கொள்வதை ஓசிப் பயணம் என்று சொல்லலாம். ஆளாளுக்கு அப்படி ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு நிலையத்தின் ஆண்டுச் செலவு 1,00,000. வீடுகள் 1,000. தலைக்கு 100. முந்நூறு வீடுகள் விலகினால், மிச்சமுள்ளவர்களுக்கு 143. இதைப் பார்த்து இன்னும் 200 பேர் விலகினால் 200. செலவு குறையவே இல்லை, சுமப்பவர்கள்தான் குறைகிறார்கள். கடைசிவரை நிற்பவர்கள், தீ பிடிக்கும் வாய்ப்பு தங்களுக்கு அதிகம் என்று நினைப்பவர்கள்.

நகரங்களில் தீயணைப்புச் சந்தா காணக்கிடைக்காமல் இருப்பதும், வீடுகள் சிதறிக் கிடக்கும் இடங்களில் மட்டும் அது தொடர்ந்து இருப்பதும் இதனால்தான்.

சந்தா எந்த இடத்தில் உடைகிறது

சாதாரண நாட்களில் சந்தா முறை நியாயமாகவே தெரிகிறது. விருப்பமுள்ளவர் கட்டுகிறார், சேவை பெறுகிறார். அது உடைவது ஒரே ஒரு நேரத்தில்: கட்டாதவர் வீடு எரியும்போது. அந்த நேரத்தில் துறைக்கு மூன்றே வழிகள். மூன்றுமே கெட்ட வழிகள்.

1. அணைத்துவிடுவது. மனிதத்தன்மையுள்ள பதில். ஆனால் அடுத்த ஆண்டு சந்தாப் பெட்டி காலியாகும். அந்த இடத்திலேயே 75 டாலரை வாங்கிக்கொண்டு அணைத்தாலும் இதே கதைதான். தீப்பிடித்தவர் மட்டும் கட்டுவது என்றால், தீப்பிடிக்காத நூற்றுக்கணக்கான வீடுகள் சேர்ந்து தாங்கிய தயார்நிலைக்குக் காசே வராது. விபத்து நடந்த பிறகு காப்பீடு எடுக்க முடியாததும் இதனால்தான். ஆக, சௌத் ஃபுல்டன் நகராட்சியின் கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கை ஒரு எரியும் வீட்டின் மேல் வைத்ததுதான் தப்பு.

2. நின்று பார்ப்பது. சந்தாவைக் காப்பாற்றும் ஒரே வழி இதுதான். ஆனால் எந்தச் சமூகமும் இதை நெடுநாள் தாங்காது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போவோம் என்று விதி வைக்கலாம். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தொலைபேசியில் எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தால்தான் தெரியும். போவதற்குள் ஃபிளாஷ்ஓவர் வந்துவிட்டால்? அதோடு, எரியும் வீட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நில் என்று பயிற்சி பெற்ற வீரரிடம் சொல்வது அவருக்குச் செய்யும் கொடுமை. 2010 சம்பவத்தைத் தீயணைப்பு வீரர்களின் சர்வதேசச் சங்கமே கடுமையாகக் கண்டித்தது.

3. அணைத்துவிட்டுப் பெரிய பில் அனுப்புவது. 2012-இல் சௌத் ஃபுல்டன் இந்தப் பக்கம் வந்தது: சந்தா கட்டாதவர் வீட்டுக்கும் வருவோம், ஒரு தடவைக்கு 3,500 டாலர். கிட்டத்தட்ட 47 ஆண்டுச் சந்தா. அரிசோனாவில் 2013-இல், சந்தா கட்டாத ஒரு குடும்பத்தின் வீட்டுத் தீயை அணைத்துவிட்டு, ஒரு தனியார் தீயணைப்பு நிறுவனம் ஏறக்குறைய 20,000 டாலருக்குப் பில் அனுப்பியது. வீட்டை இழந்து நிற்பவரிடம் அந்தக் காசு இருக்குமா? பாதிக்கு மேல் வராது என்று தெரிந்தே பில் போட வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியில் இன்னொரு ஆபத்து, என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. தீயணைப்பைக் கூப்பிட்டால் பெரிய தொகை வரும் என்று தெரிந்தவர் என்ன செய்வார்? அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டது. வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார் (எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது). ஈரத்துணி போடுவார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். எல்லாம் தோற்ற பிறகு போன் எடுப்பார். போன ஐந்து நிமிடங்கள் திரும்ப வராது. தீயணைப்பில் மலிவான தீ என்பது சீக்கிரம் சொல்லப்பட்ட தீ. சொல்வதற்கே தயங்க வைக்கும் எந்த ஏற்பாடும் கட்டணம் கட்டாதவரை மட்டும் அல்ல, அவர் தெருவையே ஆபத்தில் வைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-இன் தீயணைப்பு, மீட்புச் சேவைகள் சட்டம், தரையில் நடக்கும் தீயை அணைப்பதற்குக் கட்டணம் வாங்கவே கூடாது என்று வைத்திருக்கிறது. வேறு சில சேவைகளுக்குக் கட்டணம் உண்டு. தீக்கு மட்டும் கிடையாது.

இவற்றோடு, கட்டாதவர் எல்லோரும் வேண்டுமென்றே கட்டாதவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறந்துபோன முதியவர் இருப்பார். வீட்டு உரிமையாளர் கட்டியிருப்பார் என்று நினைத்த வாடகைக்காரர் இருப்பார். அந்த மாதம் கையில் காசு இல்லாதவர் இருப்பார். குழந்தைகள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை.

லண்டனில் ஏறக்குறைய 200 ஆண்டுகள் நடந்த சோதனை

காப்பீட்டு நிறுவனங்களே தீயணைப்பு நடத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கு, அது ஏற்கெனவே நடந்து முடிந்த சோதனை.

1666-இல் லண்டன் எரிந்த பிறகு, 1680 வாக்கில் தீக் காப்பீடு தொடங்கியது. நிறுவனங்கள் தங்கள் நஷ்டத்தைக் குறைக்கத் தேம்ஸ் நதிப் படகோட்டிகளைச் சேர்த்துச் சொந்தத் தீயணைப்புப் படை வைத்தன. காப்பீடு எடுத்த வீட்டின் சுவரில் ஈயத்தகட்டில் ஒரு முத்திரை அடிப்பார்கள். சன் நிறுவனத்துக்கு முகம் வரைந்த சூரியன். ஹேண்ட் இன் ஹேண்டுக்குக் கோத்த கைகள். பல தகடுகளின் அடியில் பாலிசி எண்ணும் இருக்கும். இன்றும் பழைய சுவர்களில் இவற்றைப் பார்க்கலாம்.

தகடு இல்லாத வீட்டை எரியவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. காரணம் எளிது: ஒட்டியிருக்கும் வீடுகளில் தகடு இல்லாத வீடு எரிந்தால் தகடு உள்ள வீடும் எரியும். எல்லாத் தீயையும் அணைப்பதுதான் நிறுவனத்துக்கே லாபம். 1833-இல் பத்து நிறுவனங்கள் தங்கள் படைகளை ஒன்றாக்கி லண்டன் தீ இயந்திர அமைப்பை உருவாக்கின. ஜேம்ஸ் பிரெய்ட்வுட் அதன் தலைவர். 1834-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோதும் இவர்கள்தான் போய் அணைத்தார்கள். அது இந்த நிறுவனங்களிடம் காப்பீடு செய்த கட்டடம் இல்லை.

அதாவது, பிரீமியம் கட்டிய சிலரின் காசில் நகரம் முழுவதும் பாதுகாக்கப்பட்டது. இது எவ்வளவு நாள் ஓடும்?

1861 ஜூன் 22 வரை ஓடியது. அன்று லண்டன் பாலத்துக்கு அருகே டூலி தெருக் கிடங்குகளில் தீ பிடித்தது. சணல், சர்க்கரை, கொழுப்பு, வெடியுப்பு என்று எரிவதற்கென்றே அடுக்கி வைத்ததுபோன்ற சரக்கு. தீ பரவாமல் இருக்க அமைத்த இரும்புக் கதவுகள் திறந்தே கிடந்தன. நதியில் நீர்மட்டம் இறங்கியிருந்ததால் பம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை. முன்னால் நின்று வேலை நடத்திய பிரெய்ட்வுட் மேல் ஒரு சுவர் சரிந்து விழுந்தது, அங்கேயே இறந்தார். தீ முழுவதும் அணைய இரண்டு வாரம் ஆனது.

இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றின. அதோடு, இந்தச் சுமையை இனி எங்களால் தூக்க முடியாது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரசிடமே போய்க் கேட்டன. 1865-இல் சட்டம் வந்தது. 1866 ஜனவரி 1 முதல் பெருநகரத் தீயணைப்புப் படை பொதுச் சேவையானது. நிதி மூன்று வழிகளில்: சொத்துவரியில் பவுண்டுக்கு அரை பென்னி, அரசிடமிருந்து ஆண்டுக்கு 10,000 பவுண்டு, காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து காப்பீடு செய்த ஒவ்வொரு பத்து லட்சம் பவுண்டுக்கும் 35 பவுண்டு.

தனியாரிடமிருந்து அரசு பிடுங்கிக்கொண்ட கதை இல்லை இது. நடத்திக்கொண்டிருந்தவர்களே ஒப்படைத்த கதை.

ரோமாபுரியைப் பற்றிய ஒரு குறிப்பும் இங்கே தேவை, ஏனென்றால் அடிக்கடி தவறாகச் சொல்லப்படுகிறது. கிராசஸ் என்ற பணக்காரர் தீயணைப்புப் படையோடு வந்து பேரம் பேசினார் என்பார்கள். புளூட்டார்க் எழுதியது அது இல்லை. எரியும் வீட்டையும் பயந்துபோன பக்கத்து வீட்டுக்காரர்களின் வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கி, தன் அடிமைக் கட்டுமானத் தொழிலாளர்களை வைத்துத் திரும்பக் கட்டினார் என்பதுதான். கி.பி. 6-இல் அகஸ்டஸ் பேரரசர் விகிலஸ் என்ற நிரந்தர இரவுக்காவல் தீயணைப்புப் படையை ஏழு பிரிவுகளாக அமைத்தார். அதற்கான காசு, அடிமை விற்பனை மீது போட்ட வரியிலிருந்து வந்தது.

சரி, வரி என்றால் எந்த வரி?

வரி என்று சொன்னதும் வேலை முடிந்துவிடுவதில்லை. எதன் மேல் வரி என்பதிலும் ஓசிப் பயணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியா இதற்கு நல்ல பாடம்.

நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் தீ, அவசரச் சேவைகளின் செலவில் 73.7 சதவீதம் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டும், உள்ளாட்சிகள் 11.7, மாநில அரசு 14.6. நிறுவனங்கள் அதை வாடிக்கையாளரின் பிரீமியத்தில் ஏற்றிவிடுகின்றன. விளைவு என்ன? வீட்டுக்குக் காப்பீடு எடுத்தவர் தீயணைப்புக்கும் கட்டுகிறார். எடுக்காதவர் அந்தப் பெரும்பங்கில் எதுவும் கட்டுவதில்லை, ஆனால் அவர் வீட்டுக்கும் வண்டி வரும். காப்பீட்டின் விலை கூடுவதால் இன்னும் சிலர் விலகுகிறார்கள். மேலே பார்த்த 100, 143, 200 கணக்கு, வரி என்ற பெயரில் திரும்ப வந்துவிட்டது.

2009 பிப்ரவரி 7-இல் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம், காப்பீட்டு வழி நிதியைக் கைவிட்டுச் சொத்தின் அடிப்படையில் வசூலிக்கப் பரிந்துரைத்தது. 2013 ஜூலை 1 முதல் அப்படியே ஆனது; காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சொத்துக்கும் தீர்வை. 2025-இல் அதன் இடத்தில் புதிய, பெரிய தீர்வை வந்தபோது விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தங்களில் பலர் சம்பளமில்லாமல் தீயணைக்கப் போகிறவர்கள், நிலம் பரப்பில் பெரிது என்பதற்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

என் முடிவு இதுதான்: தயார்நிலைக்கான செலவு சொத்துவரி போன்ற, யாரும் விலக முடியாத அகலமான வரியிலிருந்து வர வேண்டும். தீ பிடிக்கக்கூடிய எல்லாவற்றின் மீதும் அது இருக்க வேண்டும். எவ்வளவு என்பதில் ஊருக்கு ஊர் சண்டை இருக்கலாம். விலகலாமா என்பதில் இருக்கக் கூடாது.

வரிக்கு எதிரான வாதங்கள், அவற்றில் உள்ள நியாயம்

முதல் வாதம்: நகரத்தார் வரி கட்டி நடத்தும் துறையை, வரி கட்டாத புறநகர்க்காரர் ஏன் ஓசியில் பயன்படுத்த வேண்டும்? ஒபயன் கவுண்டியில் பிரச்சினையின் வேர் இதுதான். அப்போது கவுண்டிக்கென்று தீயணைப்புத் துறை இருக்கவில்லை. சௌத் ஃபுல்டன் தன் எல்லைக்கு வெளியே உதவச் சட்டப்படி கடமைப்படவில்லை; சந்தா என்பதே, ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று என்று கொடுத்த வாய்ப்பு. அந்த நகரத்தைத் திட்டியவர்களில் பலர் இதைக் கவனிக்கவில்லை. ஆனால் இதற்கு மருந்து வீடு வீடாகச் சந்தா கேட்பது இல்லை. கவுண்டி தன் சொத்துவரியில் சேர்த்து வசூலித்து, நகரத்துக்கு மொத்தமாகக் கொடுத்து ஒப்பந்தம் போடுவது. 75 டாலர் அதே 75 டாலர்தான், யாருக்கும் மறந்துபோகாது.

இரண்டாவது: அரசுத் துறைக்குப் போட்டி இல்லை, அதனால் செலவு ஏறிக்கொண்டே போகும். இதில் உண்மை உண்டு. அமெரிக்காவில் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் தீ ஏறக்குறைய 4 சதவீதம்தான்; மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவி. அப்படியிருக்க, எத்தனை பெரிய வண்டிகள் தேவை என்று கேட்பது வரி கட்டுபவரின் உரிமை. அதற்கு வழியும் உண்டு. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரம் பல பத்தாண்டுகள் ரூரல் மெட்ரோ என்ற தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. 1948-இல் பக்கத்து வீடு எரிவதைப் பார்த்த லூ விட்ஸ்மன் என்ற செய்தியாளர், ஒரு வண்டி வாங்கிச் சந்தா சேர்த்துத் தொடங்கிய நிறுவனம் அது. அந்த ஒப்பந்தக் காலத்தில்தான், 1985-இல், புது வீடுகள் அனைத்திலும் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் வேண்டும் என்று நகரம் விதி போட்டது. அந்தக் காலத்துக்கு இது முன்னோடி விதி. தீயை அணைப்பதைவிடத் தீ பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது மலிவு என்று கண்டவர்கள். பின்னர் நிறுவனம் ஒப்பந்தத்தைத் தொடர விரும்பாததால், 2005-இல் நகரம் சொந்தத் துறையை அமைத்தது.

மூன்றாவது: வரியில் நடந்தால் மக்கள் அலட்சியமாக இருப்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. வண்டி வரும் என்பதற்காக யாரும் வீட்டைக் கொளுத்திக்கொள்வதில்லை. ஆனால் அலாரத்தைப் பழுதுபார்க்காமல் மாதம் நான்கு தடவை பொய் அழைப்பு வரவைக்கும் வணிக வளாகத்துக்குக் கட்டணம் போடலாம், விதியை மீறி எரிபொருளைத் தேக்கிவைக்கும் கிடங்குக்கு அபராதம் போடலாம். இவை தீக்கு முன்னால் போடும் கட்டணங்கள். யாரையும் தீ நேரத்தில் போன் எடுக்கத் தயங்க வைக்காதவை.

பணக்காரர் தனக்கென்று படை வைத்துக்கொண்டால்?

கடைசியாக, இப்போது புதிதாக எழுந்திருக்கும் குழப்பம். கலிஃபோர்னியாவில் விலையுயர்ந்த வீடுகளுக்குக் காப்பீடு தரும் சில நிறுவனங்கள் தனியார் தீயணைப்புக் குழுக்களை அனுப்புகின்றன. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது, சில செல்வந்தர்களின் சொத்துகளைத் தனியார் குழுக்கள் காத்தது பெரிய விவாதமானது.

இந்தக் குழுக்களின் வேலையில் பெரும்பகுதி தீ வருவதற்கு முன்பே நடக்கிறது: வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல்லை வெட்டுவது, காற்றுத் துளைகளை அடைப்பது, தீத்தடுப்பு ஜெல் பூசுவது. அதில் தப்பு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்கும் நல்லதுதான். கலிஃபோர்னியா 2018-இலேயே சட்டம் போட்டு, இவர்கள் அரசுத் துறையோடு ஒருங்கிணைந்து இயங்க வேண்டும், அவசர விளக்கும் சைரனும் வைத்துக்கொண்டு அரசு வண்டிபோல் நடமாடக் கூடாது என்று கட்டுப்படுத்தியது.

பிரச்சினை தண்ணீரில் வருகிறது. 2025 ஜனவரி 8 அதிகாலையில், லாஸ் ஏஞ்சல்ஸின் பசிபிக் பாலிசேட்ஸ் மேட்டுப்பகுதிக்குத் தண்ணீர் தரும், ஒவ்வொன்றும் பத்து லட்சம் கேலன் பிடிக்கும் மூன்று தொட்டிகளும் காலியாகிவிட்டன. ஒரே நேரத்தில் அத்தனை வீடுகள் எரிவதற்காகப் போடப்பட்ட குழாய் அமைப்பு இல்லை அது. தெருவில் தீயணைப்புக்கென்று உள்ள குழாயில் (ஹைட்ரன்ட்) அழுத்தம் இறங்கியது. தனியார் குழு சொந்தத் தண்ணீர் லாரியோடு வந்தால் ஒரு கதை. தெருக் குழாயில் ஹோஸை மாட்டினால், அந்த நேரத்தில் அரசு வண்டிக்குப் போக வேண்டிய தண்ணீரைத்தான் எடுக்கிறது. வண்டியைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம், ஆளை வாடகைக்கு எடுக்கலாம். அந்த வண்டி ஏறிவரும் சாலையும், குழாய்க்குள் இருக்கும் அழுத்தமும், மேட்டின் மேல் இருக்கும் தொட்டியும் எல்லோருடைய காசில் கட்டியவை.